சிரிப்பின் கடன்

வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் காணாத ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி கேட்டு மனிதர் வருந்துவதுண்டு. இறந்தவரின் குரல் அவர்களுக்குத் தெரியும், நடை தெரியும், அச்சம் வந்தால் அம்முகம் எவ்வாறு கோணும் என்பதும் தெரியும். ஆனால் அவருக்கோ இவர்களுள் ஒருவரையும் தெரியாது. திரைப்பட நடிகரொருவரின் மறைவுக்கு வருந்தும் இரசிகனின் நிலை இதுவே. இவ்வருத்தம் உண்மையானதுதானா? உண்மையானதாயின், அது நியாயமானதா?

நம்மவருட் படித்தோர் இக்கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. 'சினிமா மோகம்' என்ற இரு சொற்களால் அதனை ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வர். மறுபுறத்தில், நடிகரின் கட்அவுட்டுக்குப் பாலூற்றி, அவர் படத்துக்குக் கற்பூரம் காட்டுவோருக்கும் இக்கேள்வி எழுவதில்லை. பக்தனுக்கு ஐயம் ஏது? இவ்விரு சாராரையும் விட்டு விலகி நின்று, இதனை ஓர் அறப்பிரச்சினையாக எடுத்து ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் மனிதர் நகைச்சுவை நடிகர் நாகேஷ். இதற்குக் காரணங்கள் இரண்டு. நாம் அவருடைய இரசிகர்கள் என்பது ஒன்று. அவரை நினைக்கும்போது நம் உள்ளத்தில் ஊறும் அன்பை மறைத்துக்கொண்டு எழுதுவது நேர்மையாகாது. அவர் மறைந்த நாள் மற்றொன்று.

நாகேஷ் தமது 75 ஆவது வயதில், 2009 ஜனவரி 31 ஆம் திகதி, சென்னையிற் காலமானார். அந்த ஜனவரி எத்தகையது என்பதை ஈழத்துத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. அதன் பின்னர் வன்னியில் இலட்சக்கணக்கான மக்கள் நாளுக்கு நாள் சுருங்கிவந்த ஒரு நிலப்பரப்பினுள், எறிகணைகளுக்கு நடுவே அகப்பட்டிருந்தனர். யாழ்ப்பாணத்திலோ 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9 பாதை அக்காலம் முழுவதும் மக்களின் போக்குவரத்துக்கு மூடியே கிடந்தது. வன்னியில் இருந்த உறவினர் உயிரோடு இருக்கின்றனரா இல்லையா என்பதை அறியும் வழியும் பலருக்கு இருக்கவில்லை. அத்தகைய நாளில்தான் இச்செய்தியும் வந்தது. அதனைக் கேட்டுக் கலங்கியோரைப் பார்த்து நம் நண்பர் ஒருவர், "அங்க பேர் தெரியாத பிள்ளையள் செத்துக்கொண்டிருக்குதுகள், நீங்கள் இங்க ஒரு படக்காரனுக்கு அழுகிறியளோ?" என்று கேட்டார்.

கேள்வி கடுமையானது, ஆனால் அற்பமானதன்று. அது அவருக்கு மட்டும் உரியதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ரூசோ இதனையே வேறொரு வடிவில் எழுப்பினார். 1758 இல் தலம்பேருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், நாடக அரங்கிற் சிந்தப்படும் கண்ணீரை அவர் ஐயுற்று நோக்கினார். கற்பனைத் துயரத்துக்காக அழுபவன், மனிதகுலத்துக்குத் தான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதாக மனநிறைவு கொள்கிறான். அந்த அழுகையால் அவன் இழப்பது யாதுமில்லை. அவனுடைய உதவியை நாடி எவரும் அரங்கிலிருந்து இறங்கி வரப்போவதும் இல்லை. இதுவே ரூசோவின் வாதத்தின் சாரம். 1890 இல் வெளிவந்த தமது உளவியல் நூலில் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறக்கவொண்ணா உதாரணம் ஒன்றைத் தந்தார். அரங்கினுள்ளே கற்பனை மாந்தருக்காக ஒரு ருஷ்யச் சீமாட்டி கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். வெளியே, பனியில், அவளுடைய வண்டிக்காரன் தன் இருக்கையிலேயே விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வண்டிக்காரனை மறந்துவிட்டு நாகேஷைப் பற்றிப் பேசுவது இயலாது. ஆகவே, முதலில் நாம் எதனை நேசித்தோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

நாகேஷ் 1933 செப்டம்பர் 27 ஆம் திகதி தாராபுரத்தில், கன்னடம் பேசும் குடும்பமொன்றிற் பிறந்தவர். சென்னையில் இரயில்வேயில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவாறே மேடை நாடகங்களில் நடித்தவர். அம்மைத் தழும்பு நிறைந்த முகம். எலும்பெடுத்த, மெலிந்த உடல். தமிழ்ப்படத்தின் கதாநாயகனுக்கு அக்காலம் எவ்விலக்கணங்களை வகுத்திருந்ததோ அவற்றுள் ஒன்றேனும் அவரிடத்தில் இருக்கவில்லை. அந்த உடலையும் முகத்தையும் மறைக்க அவர் முயலவில்லை. அவற்றையே தம் கருவிகளாக்கிக்கொண்டார். முழங்கால்கள் ஒரு திசையிலும் தோள்கள் மறு திசையிலும் செல்ல, பேச்சு இரண்டையும் முந்திக்கொண்டு ஓட, பசித்தவனின் பரபரப்பை முழு உடலாலும் காட்டினார். வயிறு நிறைந்தவன் அவ்வாறு நடப்பதில்லை.

நம் தலைமுறையினர் அவரைக் கண்ணாற் காண்பதற்கு முன் காதாற் கேட்டவர்கள். 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. வானொலிக்கு மின்கலமும் அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்ட காலம் அது. 'திருவிளையாடல்' படத்தின் கதைவசன ஒலிநாடா எங்கிருந்தோ வரும். தருமி புலம்பும் கட்டத்தில் மிதியைச் சுழற்றும் கை சிரிப்பினால் தளரும். உடனே தருமியின் குரலும் இழுபட்டுத் தளரும். சுற்றி நின்றோர் கூவுவர். மீண்டும் கை வேகங்கொள்ளும். பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்கு எடுத்து, ஊரார் பணம் சேர்த்து, முற்றத்தில் விடிய விடிய மூன்று நான்கு படங்கள் பார்த்த இரவுகள் வந்தன. அப்போதுதான் நாம் ஏற்கெனவே அறிந்திருந்த குரலுக்கு ஒரு முகம் கிடைத்தது. அம்முகம் நம் தெருவில் எவருக்கும் இருக்கக்கூடிய முகமாகவே இருந்தது.

இங்கே தொல்காப்பியரை நினைவுகூர்வது பொருந்தும். மெய்ப்பாட்டியலில் அவர் நகை, அழுகை முதலான எட்டினையும் வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு நான்காகக் கூறினார். வறுமையை அவர் எங்கே வைத்தார்? அழுகைக்குரிய நான்கனுள் வைத்தார். பிறரால் இகழப்பட்டு எளியனாதலாகிய இளிவையும் அங்கேயே வைத்தார். நகைக்குரிய நான்கனுள் இவ்விரண்டுக்கும் இடமில்லை. ஏழையைக் கண்டு சிரித்தல் தமிழ் மரபின்படி இயல்பான மெய்ப்பாடன்று என்பது இதனாற் பெறப்படும்.

நாகேஷ் செய்த காரியம் வறுமையையும் இளிவையும் அழுகையின் களத்திலிருந்து நகையின் களத்துக்குக் கொண்டுவந்தமையே. இது அபாயமான காரியம். ஏழையின் பசியை வேடிக்கையாக்கிக் காசு பண்ணுவது கலையுலகில் எளிதாக நடந்துவிடக்கூடியது. நகைக்குரிய நான்கனுள் முதலாவது எள்ளல் என்பதை மறத்தலாகாது. அவ்வெள்ளல் ஏழையின்மீது பாயாது காத்தது எது?

'திருவிளையாடல்' படத்தின் தருமியை எடுத்துக்கொள்வோம். ஏ. பி. நாகராஜனின் இயக்கத்தில் 1965 இல் வெளிவந்த படம் அது. கதை பழையது; பரஞ்சோதி முனிவர் பாடியது; குறுந்தொகையின் இரண்டாம் பாடலைச் சுற்றி எழுந்தது. புராணத்திலே தருமி மணம் செய்துகொள்வதற்குப் பொருள் வேண்டி இறைவனை வழிபடும் ஆதரவற்ற இளைஞன். கதை விரைவில் அவனைக் கடந்து, இறைவனுக்கும் நக்கீரருக்கும் இடையிலான வாதத்துக்குச் சென்றுவிடுகிறது. தருமி ஒரு காரணம் மட்டுமே. அவன் வாயிலாகப் பாடல் சபையை அடைகிறது. படத்திலோ நிலைமை தலைகீழாயிற்று. சிவபெருமானாகச் சிவாஜி கணேசன் கம்பீரமே உருவாக நிற்கிறார்; எனினும் நம் கண்கள் அந்த ஏழைப் புலவனை விட்டு அகலவில்லை. ஆயிரம் பொற்காசு என்ற சொல் அவன் வாயில் எச்சிலூறச் செய்கிறது. தூண்களுக்கிடையே தனியாக நடந்து, தனக்குத் தானே பேசி, தன்னைத் தானே ஏசி, கிடைக்காத பரிசை எண்ணி எண்ணி வேகின்றான். நாம் சிரிக்கின்றோம். ஆயினும் அவனுடைய நிலை எத்துணை நகைப்புக்கிடமானது என்பதை நமக்கு முன்பே அவன் கண்டுகொண்டான். தன்னை முதலில் நகைத்தவன் அவனே. அதன் பின் நம்முடைய எள்ளலுக்கு அங்கே வேலையில்லை. அவனோடு சேர்ந்து சிரிப்பதற்கு மட்டுமே இடமுண்டு.

உயர்தர வகுப்பிலே சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். குறுந்தொகையின் அப்பாடலைத் தொடங்கியதும் மாணவர் முகத்திற் புன்னகை அரும்பும். அவர்கள் கண்முன் வருபவர் நாகேஷ். புலமைக்கு இஃது இழுக்கென்று சிலர் வருந்துவர். நாம் வருந்தவில்லை. பிறர் எழுதிய பாட்டைச் சொல்லி வயிறு வளர்க்க நேர்ந்தவனின் கூச்சமும் ஆசையும் அந்தப் பாத்திரத்தில் உள்ளன. பிறர் எழுதிய வசனத்தைப் பேசிப் பிழைக்கும் நடிகனுக்கு அது நன்கு விளங்கியிருக்கும். பிறர் பாடிய பாட்டை விளக்கிச் சம்பளம் பெறும் ஆசிரியராகிய நமக்கும் அது விளங்காமற் போகாது.

இனி, தருமியைப் புராண உலகத்திலிருந்து நம் காலத்துக்குக் கொண்டுவந்தால் அவன் யாராக இருப்பான்? அவ்வுருவை நாகேஷ் ஒருமுறைக்குப் பலமுறை காட்டினார். கே. பாலசந்தரின் கதையைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' 1964 இல் வெளிவந்தது. உணவுக்கடையிற் பரிமாறும் ஓர் இளைஞன்; குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையிலேந்தி, மேசைகளுக்கிடையே நழுவி நழுவிச் செல்லும் அவன் திறமை ஒரு கழைக்கூத்தாடியின் திறமைக்கு ஒப்பானது. அதனை அங்கே உண்பவர் எவரும் திறமையென்று காண்பதில்லை. அவன் ஒரு பெண்ணை நேசிக்கிறான். அவள் நேசித்தது அவனுடைய நண்பனை. பின்னர் அவன் பேர்பெற்ற நடிகனாகிறான். தன் தாயின் இறுதிவேளையில் அவள் அருகில் இருக்க முடியாத அளவுக்குப் பெரிய நடிகனாகிறான். முடிவில் எல்லாவற்றையும் துறந்து, மீண்டும் பரிமாறுவதற்கே திரும்பிவிடுகிறான். 1968 இல் வந்த 'எதிர்நீச்சல்' படத்தின் மாது இவனினும் எளியவன். பல குடித்தனங்கள் வாழும் வீடொன்றின் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி வாழும் அநாதை; எல்லோர்க்கும் ஏவல் செய்து, அவர்கள் தரும் மிச்சத்தை உண்டு, அதற்கிடையே படித்து முன்னேற முனைபவன். நம் பாடசாலைகளில் மாதுவைப் போன்ற பிள்ளை ஒருவனையேனும் காணாத ஆசிரியர் உண்டோ?

இவ்வாறு பார்க்கும்போது நாகேஷின்மீது மக்கள் கொண்ட அன்பு கதாநாயகர்மீது கொண்ட அன்பினின்றும் தன்மையால் வேறுபட்டது என்பது தெளிவாகும். கதாநாயகனிடம் இரசிகன் காவலை வேண்டுகிறான். தான் அடிக்க முடியாதவனை அவன் அடிக்க வேண்டும், தான் வெல்ல முடியாததை அவன் வெல்ல வேண்டும். அந்த வேண்டுகை திரைக்கு வெளியேயும் தொடர்கிறது. நம் மலைநாட்டிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் 1977 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். 'மேஜர் சந்திரகாந்த்' படத்தில் நாகேஷின் தங்கையாக நடித்த ஜெயலலிதா 1991 இல் அதே பதவியை ஏற்றார். நாகேஷை நாடாள வருமாறு எவரும் அழைக்கவில்லை. அவரிடம் மக்கள் வேண்டியது யாதுமில்லை. அவரிடம் தம்மையே கண்டனர். மேலே நிற்பவனுக்குச் செலுத்தும் அன்பு வழிபாடாக மாறும். அருகே நிற்பவனுக்குச் செலுத்தும் அன்பு தோழமையாக நிற்கும். அரசியல் உணர்வுள்ள எவரும் இவ்விரண்டினையும் ஒன்றெனக் கருதலாகாது.

ஆயின், நமது அன்பு நம் கண்ணை மறைத்துவிடக் கூடாது. அக்காலத் தமிழ்ப்படங்களின் நகைச்சுவைப் பகுதிகளுட் பல, உடற் குறையையும் பெண்ணின் தோற்றத்தையும் அயலாரின் பேச்சையும் மலிவான சிரிப்புக்கு இரையாக்கின. நாகேஷ் நடித்த நூற்றுக்கணக்கான படங்கள் யாவும் இதற்கு விலக்கென்று சொல்வதற்கில்லை. ஏழையின் துன்பத்தை ஒருவனுடைய தனிக்கதையாகவே அப்படங்கள் கண்டன. மாது படித்து முன்னேறினால் மாடிப்படியின் கீழ் வேறொருவன் வந்து படுக்க மாட்டானா என்ற கேள்வியை அவை கேட்கவில்லை. சுந்தரம் மீண்டும் பரிமாறச் செல்லும்போது பார்வையாளன் மனம் உருகுகிறது. ஆனால் பரிமாறுபவனுடைய கூலி எவ்வளவு, அவனுக்கு ஓய்வு எப்போது என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. படமாளிகையின் வாசலைத் தாண்டியதும் உருகிய மனம் மீண்டும் இறுகிவிடும். ரூசோவின் வாதம் இங்கே தன் முழு வலிமையோடு நம்மை எதிர்கொள்கிறது.

அவ்வாதத்துக்கு ருஷ்யச் சீமாட்டியைவிட அண்மையான சான்று நம் மண்ணிலேயே உண்டு. 'சர்வர் சுந்தரம்' வெளிவந்த அதே காலத்தில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளின் நிலை என்ன? பொது இடங்களிற் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கூறிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. கடைகளிலோ ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று மற்றவரோடு சமமாக அமர முடியவில்லை. பல இடங்களில் அவர்களுக்குத் தேநீர் போத்தலிலும் தகரப் பேணியிலும் வெளியே வைத்துக் கொடுக்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் பொலிசாரால் தாக்கப்பட்டது. தேநீர்க் கடைகளிலும் கோவில்களிலும் நுழைவதற்கான போராட்டங்கள் அதன்பின் யாழ்ப்பாணமெங்கும் வீறுகொண்டன. திரையிலே ஓர் உணவுக்கடைச் சிப்பந்திக்காகக் கண்கலங்கிய பலர், தம் ஊர்த் தேநீர்க் கடையில் யாரோடு ஒரே வாங்கில் இருப்பது என்பதை மறவாதிருந்தனர். அக்கண்ணீர் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றே சொல்கிறோம்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். அக்கேள்வியின் அடியில் ஓர் எண்ணம் உள்ளது. மனிதனுடைய இரக்கம் அளவுபட்டது. சங்கக்கடையிற் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கும் சீனியைப் போன்றது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும் என்பதே அது. இது நம் அனுபவத்துக்கு மாறானது. 2009 இன் அம்மாதங்களில் எதற்கும் அழாதிருந்தவர்கள் வன்னி மக்களுக்காகத் தம் கண்ணீரைச் சேமித்து வைத்திருந்தவர்கள் அல்லர். பலரிடத்தில் அது மரத்துப்போன நிலை. நாளாந்தம் வந்த எண்களை எண்களாகவே கேட்டுப் பழகியவர்களின் நிலை. ஒரு கிழ நடிகரின் மறைவு அந்த மரப்பைச் சிலரிடத்தில் உடைத்திருக்குமாயின், அதனை வன்னியிலிருந்து களவாடப்பட்ட கண்ணீர் என்று கொள்ள வேண்டியதில்லை. பெயர் தெரிந்த ஒருவருக்காக அழத் தொடங்கிய கண், பெயர் தெரியாத பலருக்காக அழுது முடித்ததும் உண்டு.

ஆனால் நண்பரின் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அழுகை இயல்பானது என்று காட்டிவிட்டால் அது போதுமானதாகிவிடாது. இங்கேதான் 'கடன்' என்ற நம் சொல் துணைக்கு வருகிறது. தமிழில் அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு: பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு ஒன்று, செய்தே தீர வேண்டிய கடமை மற்றொன்று. நாகேஷிடம் நாம் பட்ட கடன் இரு பொருளிலும் கடனே. சுந்தரமாகவும் மாதுவாகவும் தருமியாகவும் நிற்பதற்கு அவர் தம் உடலைக் கொடுத்தார். அவர் அம்மனிதரை எங்கிருந்து பெற்றார்? உணவுக்கடையிலிருந்தும் ஒண்டுக் குடித்தனத்திலிருந்தும் தெருவிலிருந்தும் பெற்றார். ஒரு சிப்பந்தி ஒரே நேரத்தில் எத்தனை குவளைகளை ஏந்துவான், வசை கேட்டதும் அவன் முகத்திற் சிரிப்பு எந்தக் கணத்தில் தோன்றும் என்பனவெல்லாம் பெயரற்ற மனிதர் வாழ்ந்து காட்டியவை. அவர்களிடமிருந்து பெற்றதை அவர் நமக்குத் தந்தார். நாம் அதற்குப் பதிலாகச் செலுத்திய அன்பு அவரிடமே தங்கிவிடுமாயின் கணக்கு நேராகாது. அது அவர்களிடமே திரும்ப வேண்டும். நடிகர் இறந்துவிட்டார்; அவருக்கு இனி நாம் செலுத்தக்கூடியது யாதுமில்லை. ஆனால் அவர் யாருக்காக நின்றாரோ அவர்கள் இறக்கவில்லை. இன்று மாலையும் அவர்கள் நம் மேசையைத் துடைப்பார்கள்.

எனவே, ஓர் இரசிகனின் துயரம் மெய்யானதா என்பதை அறிய அவனுடைய கண்ணை நோக்கவேண்டியதில்லை. தேநீர்க் கடையில் அவன் என்ன செய்கிறான் என்பதை நோக்கினாற் போதும். பேணி கைதவறி விழுந்துவிட்ட பொடியனை அவன் எச்சொல்லால் விளிக்கிறான்? தன் தந்தையின் வயதுள்ள சிப்பந்தியை 'டேய்' என்கிறானா, 'ஐயா' என்கிறானா? அப்பொடியன் ஏன் பாடசாலைக்குப் போகவில்லை என்று கடைக்காரரிடம் கேட்கும் துணிவு அவனுக்கு உண்டா? இவை சிறிய காரியங்கள். இவற்றாற் சமுதாயம் மாறிவிடாது. ஆனால் இவற்றையே செய்ய இயலாதவன் பெரிய மாற்றங்களைப் பற்றிப் பேசுவதை எவரும் நம்பப் போவதில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலிருந்து ஒரு வேலையும் பிறக்கிறது. மாணவரின் சினிமாப் பற்றைத் தடியால் அடித்து ஒடுக்க முடியாது. அதனைக் கண்டும் காணாதவர்போல் விட்டுவிடுவதும் நன்றன்று. தான் விரும்பும் நடிகரின் பிறந்தநாளை ஒரு மாணவன் கொண்டாட விரும்பினால் அவனிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 'அவர் யாராக நடித்தபோது உனக்குப் பிடித்தது? அந்த ஆளை நம் ஊரில் நீ எங்கே பார்த்திருக்கிறாய்?' இக்கேள்விக்கு விடை தேடப் புறப்படும் மாணவன் திரையிலிருந்து தெருவுக்கு வந்துவிடுவான். விடை கூற முடியாத நடிப்பும் உண்டு. எவரையும் காட்டாது, நடிகன் தன்னையே காட்டிக்கொள்ளும் நடிப்பு அது. அதனையும் அவன் மெல்ல மெல்ல இனங்கண்டுகொள்வான். விமர்சனம் என்பதன் தொடக்கமும் அதுவே.

நாகேஷ் தம் பிற்காலத்திலும் இத்தகைய கேள்விக்கு விடையாக நின்றார். 'அபூர்வ ராகங்கள்' படத்திலே மதுவருந்தும் வைத்தியராக, சுவரில் வீழ்ந்த தம் நிழலோடு கிண்ணம் தட்டி அருந்தும் தனிமையைக் காட்டினார். 1994 இல் 'மகளிர் மட்டும்' படத்தில் ஒரு சொல்லும் பேசாத பிணமாக நடித்து மக்களை விலா நோகச் சிரிக்க வைத்தார். அதே ஆண்டில் 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த தந்தையாக வந்து சிரித்தவர்களை மௌனமாக்கினார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது அந்தப் பாத்திரமே. வாழ்நாளெல்லாம் நகைப்பித்தவருக்கு அவ்விருது ஓர் அழுகைக்காக வழங்கப்பட்டது. இரண்டும் ஒரே நிலத்தில் விளைபவை என்பதைத் தொல்காப்பியர் அறியாதிருந்திருக்க மாட்டார். நாகேஷ் அதனைத் தம் உடம்பால் நிறுவினார்.

அவர் மறைந்த அந்நாளில் எழுந்த கேள்விக்கு நமது விடை இதுவே: அழுதது தவறன்று. அழுதபின் எழுந்து எவர் பக்கம் போய் நின்றோம் என்பதைக் கொண்டே அக்கண்ணீரின் பெறுமதி முடிவாகும். கடை வாசலிலே குவளை கழுவிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு நாகேஷ் யாரென்று தெரியாதிருக்கலாம். தெரிய வேண்டியதும் இல்லை. அவனை நமக்குத் தெரிய வேண்டும்.